வெளிநாட்டு அலுமாரி

அம்பிட்டிய மேட்டில் யோகராஜாவின் வீட்டில் சாமான்கள் மூன்று வகை. அன்றாடம் புழங்குவது ஒன்று. விருந்தாளி வந்தால் வெளியே வருவது இன்னொன்று. மூன்றாவது வகையை யாரும் புழங்குவதில்லை. அது வெளிநாட்டுக்கு. முன்னறையில் சாமிப் படங்களுக்கு நேர் எதிரே, சுவரை அடைத்துக்கொண்டு நின்ற தேக்கு அலுமாரிக்குள் அது பூட்டிக் கிடந்தது. சாவி யோகராஜாவின் இடுப்பில் இருந்தது. அந்த வீட்டில் சாமிக்கு விளக்கு வைக்க மறந்த நாள் உண்டு, சாவியை அவர் மறந்த நாள் கிடையாது என்று அவருடைய மனைவி புஷ்பராணி சொல்வாள்.

இதை அவள் கோபமாகச் சொல்வதில்லை. கோபப்படுவதற்குக் கொஞ்சமாவது மதிப்பு வேண்டும். நாக்கில் ஒட்டிய வேப்பிலையைத் துப்புகிற மாதிரி சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள்.

புஷ்பராணி கண்டி டவுனில் ஒரு கேக் கடைக் கவுண்டரில் அரை ஆயுள் நின்றவள். கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆள் கேக்கைத் தின்ன வாங்குகிறானா, காட்ட வாங்குகிறானா என்பது அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். தின்ன வாங்குகிறவன் 'இன்னைக்கு போட்டதா?' என்று கேட்பான். காட்ட வாங்குகிறவன் பெட்டி எப்படி இருக்கும் என்று கேட்பான். தன் புருசன் இரண்டாவது வகை என்று கல்யாணமான புதிதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கி என்ன செய்வது? கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து அறையிலிருந்து டவுன் வீட்டுக்கு வந்த பொண்ணு, மாப்பிள்ளை அலுமாரியைப் பூட்டி வைக்கிறார் என்று திரும்பிப் போக முடியாது.

யோகராஜா ஒரு இரும்புச் சாமான் மொத்தக் கடையில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். ஆணி, பூட்டு, கொண்டி எல்லாம் அவர் கையால்தான் உள்ளே போகும், வெளியே வரும். வெளியே வருவது அவருக்குப் பிடிக்காது. அப்படிப்பட்டவருக்குக் கனடாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கூடப் படித்த ஒருத்தர், 'உன்னையும் கூப்பிடுகிறேன், தயாராக இரு' என்று எழுதியிருந்தார். அன்றைக்குத் தயாராகத் தொடங்கியவர்தான். முதலில் ஒரு கம்பளி வாங்கினார். அப்புறம் ஒரு பிரஷர் குக்கர், தேத்தண்ணி ஊற்றி வைக்க ஒரு பிளாஸ்க், நீலப்பூப் போட்ட பீங்கான் பிளேட் செட், சக்கரம் வைத்த சூட்கேஸ். கனடாக்காரர் அதற்குப் பிறகு எழுதவில்லை. யோகராஜா நிறுத்தவுமில்லை. கனடா போய்க் கட்டார் வந்தது, கட்டார் போய் இத்தாலி வந்தது. எதுவும் நடக்கவில்லை. நடந்தது ஒன்றுதான். வீட்டுக்குள் வந்த நல்ல பொருள் எல்லாம், புது வீடு குடிபூரலுக்கு வந்த பரிசு முதற்கொண்டு, அந்த அலுமாரிக்குள் போனது.

மகன் சுதேஷ் ஐந்தாம் வகுப்புப் படிக்கிற நேரம், ஒரு டிசம்பரில் கண்டிக் குளிர் பிடித்து ஆட்டியது. பிள்ளைக்குக் காய்ச்சல். பல் கிட்டி நடுங்கியது. புஷ்பராணி சாவி கேட்டாள்.

"ரெண்டு சேலையப் போட்டு மூடு புஷ்பம். கம்பளி அங்க வேணும். அங்க பனி" என்றார்.

"அங்கன்னா எங்க?"

அவர் சாவியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டார். அப்போது கட்டாருக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். கட்டாரில் பனி ஏது? அவள் தன் சேலைகளை மடித்துப் போட்டு, அதற்கு மேல் கோதுமை மாச் சாக்கொன்றை உதறிப் போட்டுப் பிள்ளையை மூடினாள். மா வாசத்தோடு அவன் தூங்கினான். மறுபடி சாவியை அவள் கேட்டதே கிடையாது. கேட்கிற அளவுக்குக்கூட அந்த மனிதரை அவள் பிறகு எண்ணவில்லை என்பதுதான் சரி.

சுதேஷ் வளர்ந்தான், கம்ப்யூட்டர் படித்தான், மெல்பேர்னுக்குப் போனான். சுதர்சினியைக் கட்டினான். ஒரு பெண்பிள்ளை பிறந்தது. தாய் தகப்பனைக் கூப்பிட அவன் போட்ட விசா விண்ணப்பம் வருடக்கணக்கில் கிடந்தது. யோகராஜா ஓய்வு பெற்றார், புஷ்பராணி முழங்கால் வலியோடு கேக் கடையை விட்டு நின்றாள். இனி வராது என்று இரண்டு பேரும் நினைத்திருந்தபோது விசா வந்தது.

"அம்மா, ஒண்ணும் கொண்டு வராதீங்க" என்று சுதேஷ் போனில் சொன்னான். "உடுப்பு மட்டும் போதும். இங்க எல்லாமே இருக்கு. விதை, மரச்சாமான், மண்ணு ஒட்டுன எதையும் ஏர்போட்டுல பாத்தாங்கன்னா எடுத்து வீசிடுவாங்க."

யோகராஜா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம். மகன் சொன்னதில் ஒரு சொல்லும் அவர் காதில் ஏறவில்லை.

"பாத்தியா? எல்லாத்தையும் சேத்து வச்சது வீணா போகல" என்றார்.

அலுமாரி திறப்பதற்கு அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டார். தங்கச்சி தவமணிக்குச் சொல்லியிருந்தார். அவள் கடுகண்ணாவையிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். அண்ணன் வீட்டுக்கு வருகிறவள் ஒரு பாண் துண்டுகூடக் கொண்டுவரவில்லை. ஆனால் கக்கத்தில் மடித்து வைத்த பெரிய பை மட்டும் ஒன்றுக்கு மூன்றாக இருந்தது. பைகளைப் பார்த்துவிட்டுப் புஷ்பராணி அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனாள்.

கட்டில், மேசைத் தளபாடங்களுக்கு விலை பேச அரூஸ் வந்தார். அக்குறணையில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர். மின்சாரச் சாமான் பழுது பார்க்கவும் தெரியும். லொறியைக் கீழே ரோட்டில் விட்டுவிட்டு மூச்சு வாங்க ஏறி வந்தார்.

யோகராஜா வருடக்கணக்காகத் திறக்காத பூட்டில் சாவியைப் போட்டார். பூட்டு திரும்பவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டார். திரும்பவில்லை. வாழ்நாள் முழுக்கப் பூட்டு விற்ற கடையில் வேலை பார்த்தவருக்கு அரூஸ்தான் ஒரு ஸ்குரூ டிரைவரை வைத்துக் கதவைத் திறந்து கொடுக்க வேண்டியிருந்தது.

முதலில் வாசம் வந்தது. அந்துருண்டையும் பூஞ்சணமும் எலி மூத்திரமும் கலந்த வாசம். தவமணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள், ஆனால் பின்னுக்குப் போகவில்லை.

கம்பளிதான் மேலே இருந்தது. யோகராஜா அதை இரண்டு கையாலும் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கினார். பாதி அவர் கையில் வந்தது. மீதி தட்டிலேயே கிடந்தது. அந்துப் பூச்சி தின்று தின்று அது வலை மாதிரி ஆகியிருந்தது. சூட்கேஸின் தோல் அவர் தொட்ட இடமெல்லாம் சொறி பிடித்த நாயின் முதுகு போலப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. குக்கரின் ரப்பர் வளையத்தை அழுத்தினார், மாரி பிஸ்கட் மாதிரி முறிந்தது. பிளாஸ்க்கை எடுத்துக் குலுக்கியபோது உள்ளே கண்ணாடித் தூள் கிலுகிலுவென்றது. துவாய்களில் மடிப்பு விழுந்த இடமெல்லாம் தேத்தண்ணிக் கறை போல ஒரு கோடு.

"மிக்சி நல்லா ஈக்கும் போல, அண்ணன். பெட்டி கூட உடைக்கல்ல" என்று அரூஸ் ஆறுதலாகச் சொன்னார். "உசிரு ஈக்கான்னு பாப்பம்."

சுவிட்சில் மாட்டினார். மிக்சி ஒரு தரம் உறுமியது. பிறகு ஒரு புகை விட்டது. அவ்வளவுதான் அதன் ஆயுள். அரூஸ் வயரை மெதுவாகச் சுற்றிப் பெட்டிக்குள் திரும்ப வைத்தார். மையத்து எடுக்கிற வீட்டில் நடந்துகொள்கிற மாதிரி நடந்துகொண்டார் மனிதர்.

யோகராஜா வேர்த்துப் போனார். ஆனாலும் தளரவில்லை. "கண்டியில ஈரம் கூட. கொஞ்சம் வெயில்ல போட்டா எல்லாம் சரியாகிடும்" என்றார்.

புஷ்பராணி கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. இந்த மனிதர் தன்னையும் பிள்ளையையும் முப்பது வருடம் தகரத் தட்டில் சாப்பிட வைத்தது அந்துப் பூச்சிக்கு விருந்து வைக்கத்தான் என்று நினைத்தபோது, அவளுக்குப் பூச்சியின் மேல்கூட வெறுப்பு வரவில்லை. அதுவாவது தின்றது.

கெடாமல் இருந்தது பீங்கான் பிளேட் செட் ஒன்றுதான். சுற்றியிருந்த பத்திரிகைத் தாள் ஈரத்தில் ஒட்டிப்போய், நீலப்பூவின் மேல் யாரோ ஒரு மந்திரியின் முகம் தலைகீழாகப் பதிந்திருந்தது.

"அண்ணி, இதக் கொண்டு போய் அங்க என்னா பண்ணப் போறீங்க?" தவமணி முதல் பையை விரித்தாள். "ஒடைஞ்சு போகும். நான்னா பத்திரமா வச்சிருப்பேன். அண்ணன் ஞாபகமா."

"எங்க வைப்ப?"

"எங்க வீட்டுக் கண்ணாடி அலுமாரியிலதான். சாவி போட்டு."

புஷ்பராணி நாத்தனாரை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு இதைவிட அத்தாட்சி தேவையில்லை. பிளேட்டுகளை அப்படியே மடியோடு சேர்த்து அள்ளிக்கொண்டு குசினிக்குப் போனாள். சவுக்காரம் போட்டு மந்திரியைத் தேய்த்து எடுத்தாள். சோறும் பருப்பும் நெத்தலிக் குழம்பும் ஆகியிருந்தது. எல்லாருக்கும் அந்தப் பிளேட்டிலேயே போட்டாள். அரூசுக்கு, லொறி டிரைவருக்கு, தவமணிக்கு, யோகராஜாவுக்கு.

யோகராஜா பிளேட்டைப் பார்த்தார், சோற்றைத் தொடவில்லை. "இதுல எதுக்கு போட்ட?" என்று கேட்டார்.

"சாப்பிடுறதுக்கு."

"கீறு விழும், புஷ்பம்."

"விழட்டும்."

டிரைவர் எழுந்து கை கழுவப் போனபோது கால் தட்டி ஒரு பிளேட் விழுந்து உடைந்தது. அவன் பதறிப்போனான். புஷ்பராணி, "பரவாயில்ல தம்பி, சாப்பிட்டு ஒடைஞ்சதுதானே" என்றாள். யோகராஜா தரையில் உட்கார்ந்து துண்டுகளைப் பொறுக்கினார். பொறுக்கி, நீலப்பூவைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். பொருந்துமா என்று பார்க்கிறார் என்பது தெரிந்தபோது அரூஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்த நாள் வெயில் வந்தது. யோகராஜா முற்றத்தில் பாய் விரித்துத் தன் வெளிநாட்டைக் காயப்போட்டார். ரோட்டில் போகிறவர்கள் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வீடு தீப்பிடித்து அணைத்த மாதிரி இருந்தது முற்றம். பக்கத்து வீட்டு நோனா, "மொகத உனே, யோகராஜா மாத்தயா?" என்று சிங்களத்தில் விசாரித்தார், என்ன நடந்தது என்று. வெளிநாடு போகிறோம் என்று அவர் பெருமையாகச் சொன்னார். அந்த அம்மா பாயைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாயந்தரம் மழை இருட்டிக்கொண்டு வந்தபோது புஷ்பராணி வெளியே வந்தாள். கையில் கத்தரிக்கோல். கம்பளியில் பூச்சி தின்னாத ஓரத்தை வெட்டி எடுத்து நாலாக மடித்தாள். குசினி வாசற்படியில் கால்துடைக்கப் போட்டாள். யோகராஜா பார்த்துக்கொண்டே நின்றார். அன்றிலிருந்து ஊரை விட்டுப் போகும்வரை அவர் குசினிக்குள் வரும்போதெல்லாம் காலை அகல எடுத்து வைத்து அதைத் தாண்டித்தான் வந்தார். ஒரு நாள்கூட மிதிக்கவில்லை.

அதற்குப் பிறகு எதைக் கொண்டு போவது என்ற பேச்சு நாள்தோறும் நடந்தது. அவர் சூட்கேஸுக்குப் பசை போட்டார். குக்கரை வைத்தார், ரப்பர் அங்கே கிடைக்கும் என்றார். துவாய், வெள்ளி முலாம் பூசிய கரண்டிகள், எவரோ கொடுத்த கண்ணாடி அன்னம், ஒரு பக்கம் இறகு உடைந்தது. எரிந்துபோன மிக்சியையும் வைத்தார். மெல்பேர்னில் நல்ல மெக்கானிக் பாஸ் இருப்பார்கள், பழுது பார்த்துத் தருவார்கள் என்று அவருக்கு நம்பிக்கை. புஷ்பராணி தன் பக்கத்துக்கு ஒரே ஒரு சாமானை வைத்தாள். கறுத்து, நடுவில் பள்ளம் விழுந்த இரும்புத் தோசைக்கல்.

"இந்தக் கருகுன சனியனையா? யாராச்சும் பாத்தா நம்ம மானம் என்னாகும்?"

"இவ்வளவு காலமும் இதுல சுட்டதத்தான தின்னீங்க. அப்ப போகாத மானம் பிளேன்ல ஏறுனதும் போகுமா?"

அவர் தோசைக்கல்லை எடுத்து வெளியே வைப்பார். அவள் திரும்ப உள்ளே வைப்பாள். சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை போட இரண்டு பேர் வேண்டும். அவள் ஒரு ஈயை ஓட்டுகிற மாதிரித்தான் செய்தாள்.

அந்த வாரம் சுதேஷ் வீடியோவில் வந்தான். அப்பாவும் அம்மாவும் தங்கப்போகிற அறையைக் காட்டுகிறேன் என்று போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தான். பெரிய வீடு. பளபளவென்று இருந்தது. ஹோலில் ஒரு வெள்ளை சோபா, அதன் மேல் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே. குசினியின் பக்கத்தில் ஆள் உயரத்துக்குக் கண்ணாடி அலுமாரி. உள்ளே விளக்கு எரிந்தது. தங்க விளிம்பு வைத்த கோப்பைகள், பூப்போட்ட கிண்ணங்கள், பெரியது சிறியதாக அடுக்கிய பிளேட்டுகள்.

யோகராஜாவுக்கு வாய் பிளந்துவிட்டது. "எப்புடி வச்சிருக்கான் பாத்தியா, புஷ்பம்?"

பேத்தி படத்துக்குள் ஓடி வந்தாள். தயிர் வந்த பிளாஸ்டிக் டப்பாவில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். வந்த வேகத்தில் கண்ணாடிக் கதவில் ஒரு கையை வைத்தாள். எங்கிருந்தோ சுதர்சினியின் குரல் கேட்டது. "அத தொடாதீங்கன்னு எத்தன தரம் சொல்றது. அது விசேசத்துக்கு."

புஷ்பராணி போனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

"என்னா விசேசம், சுதேஷ்?"

"யாராச்சும் வந்தா எடுக்கிறதுக்கும்மா."

"யாராச்சும் வந்தாங்களா?"

"இங்க எல்லாரும் பிசிம்மா. வருவாங்க" என்றான். பிறகு, ஜன்னல் வழியாகத் தெரிகிற மரத்தைக் காட்டினான்.

புஷ்பராணி மரத்தைப் பார்க்கவில்லை. மாச் சாக்குக்குள் நடுங்கிப் படுத்த பிள்ளை வளர்ந்து தகப்பனுக்கு மறுப்பாக ஒன்றைச் செய்வான் என்று அவள் நினைத்திருந்தாள். அவனோ அதே அலுமாரிக்கு விளக்கும் போட்டு வைத்திருக்கிறான். கேக் கடையில் சில பேர் தட்டில் இருக்கிற கேக்கை விட்டுவிட்டு, ஜன்னலில் காட்சிக்கு வைத்த மெழுகுக் கேக்கைக் காட்டி அதுதான் வேண்டும் என்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லாமல் அடுத்த ஆளைக் கவனிப்பது அவளுடைய பழக்கம். மகனுக்கும் அப்படித்தான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு யோகராஜாவிடம் சொன்னாள். "நீங்க முன்னாடி போங்க. விசாவுல சொன்ன தேதிக்குள்ள நான் வர்றேன். வீட்ட வாடகைக்கு விடணும், காலுக்கு மருந்து எடுக்கணும்."

அவர் துடைத்துக்கொண்டிருந்த வெள்ளி முலாம் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். ஏன் என்று கேட்பார், தனியாக இருப்பாயா என்று கேட்பார் என்று அவள் கொஞ்சம் எதிர்பார்த்தாள். அதை அவளே பிறகு ஒப்புக்கொண்டாள். எதிர்பார்த்ததற்காகத் தன்னையே ஏளனமாக நினைத்துக்கொண்டாள்.

"அப்ப உன்னோட நிறை?" என்று கேட்டார் யோகராஜா.

"என்னா நிறை?"

"பிளேன்ல ரெண்டு பேருக்கும் சேத்து எவ்வளவு கொண்டு போகலாம்னு பாத்து வச்சிருந்தேன். நீ வரலன்னா பாதி சாமான் நிக்குமே."

புஷ்பராணி பிளேட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அத்தோடு அவளுக்கு இருந்த சின்னச் சந்தேகமும் தீர்ந்தது.

அவர் போனார். எதை விடுவது என்று தீர்மானிக்க முடியாமல் கடைசி நாள் வரை பெட்டியை அடைத்துப் பிரித்தார். கரண்டிகள் போயின, துவாய்கள் போயின, உடைந்தது போக மிச்சம் இருந்த நீலப்பூப் பிளேட்டுகளைத் தான் கட்டுகிற சாரங்களில் சுற்றி வைத்தார். மிக்சியைக் கடைசியில் விட்டுவிட வேண்டியிருந்தது. அதைத் தவமணி கொண்டு போனாள். எரிந்தது என்று தெரிந்தும் கொண்டு போனாள்.

பிறகு அரூஸ் லொறியோடு வந்தார். கட்டில், மேசை, சோபா எல்லாம் இறங்கின. தேக்கு அலுமாரியை நாலு பேர் தூக்கினார்கள். அது நகர்ந்ததும் அதற்குப் பின்னால் ஒரு ஜன்னல் தெரிந்தது. புஷ்பராணி அப்படியே நின்றுவிட்டாள். கல்யாணமாகி வந்த புதிதில் அந்த ஜன்னலைப் பார்த்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு அலுமாரி வந்து, ஜன்னல் இருந்ததே மறந்துபோய்விட்டது.

"காத்து வார ஜன்னல அடைச்சி வச்சிட்டு ஈரம் ஈரம்னு செல்லி ஈக்காங்க" என்றார் அரூஸ். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவளைப் பார்த்தார். அவள் கொண்டியை இழுத்தாள். துரு பிடித்திருந்தது. அவர் ஒரு தட்டுத் தட்டியதும் திறந்தது. எதிரே ஹந்தானை மலை, பாதிக்கு மேல் மேகம்.

ஒரு கதிரையை மட்டும் அரூஸ் விட்டுவிட்டுப் போனார். "இது கெடக்கட்டும் அக்கா. போற அன்னைக்கு எடுத்துக்கிறன்."

அதைத் தூக்கி அந்த ஜன்னலடியில் போட்டுக்கொண்டு புஷ்பராணி அந்த வீட்டில் தனியாக இருந்தாள். ஒரு பாய், ஒரு காஸ் அடுப்பு, ஒரு தாச்சி, தோசைக்கல். அம்பிட்டிய சனம் பாவம் என்றது. புருசன் விட்டுவிட்டுப் போய்விட்டார் என்றும், மகன் சேர்க்கவில்லை என்றும் பேசிக்கொண்டது. கோயிலில் ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். புஷ்பராணி கையை உருவிக்கொண்டு, "எனக்கு சொகமாதான் இருக்கு. ஒங்க முட்டுவலி எப்படி?" என்றாள். அவர்களுக்கு விளக்கம் சொல்லுகிற எண்ணமே அவளுக்கு இல்லை. காலையில் தோசை சுடுவாள். அடுப்பிலிருந்து எடுத்த சூட்டிலேயே ஜன்னலடியில் உட்கார்ந்து தின்பாள். கூட்டுவதற்கும் துடைப்பதற்கும் ஒன்றுமில்லை. கால் வலிகூடக் குறைந்தது போல இருந்தது.

ஒரு நாள் காலையில் மெல்பேர்னிலிருந்து யோகராஜா பேசினார். சுதேஷ் வேலைக்குப் போன நேரம் பார்த்து எடுத்திருந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"புஷ்பம், இந்தச் சுதர்சினி என்னா பண்றா தெரியுமா? எனக்குப் பிளாஸ்டிக் கோப்பையில தேத்தண்ணி குடுக்கிறா. பேத்திக்கு வாங்குனது. படம் போட்டது."

"நல்ல கோப்பை இருக்குதே, அலுமாரி நெறைய."

"அதத்தான் கேட்டேன். அது புது வீடு வாங்குனா அங்க வைக்கிறதுக்காம். இந்த வீட்டுக்கு இல்லையாம்."

"நீங்க கொண்டு போன சாமான்?"

"கராஜுல வச்சிட்டாங்க. பெட்டிய பிரிக்கவே இல்ல. அப்புறம் பாக்கலாம்னு சுதேஷ் சொல்றான்." தேத்தண்ணி உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "மனுசனுக்கு ஒரு நல்ல கோப்பையில குடிக்கக் குடுத்து வைக்கல, பாரேன்."

புஷ்பராணிக்கு ஒரு சொல் நாக்கு நுனிக்கு வந்தது. காய்ச்சலில் கிடந்த பிள்ளையைப் பற்றிய சொல். வருடக்கணக்காகத் தீட்டி வைத்த கத்தி மாதிரி அது பளபளத்தது. இப்போது இறக்கினால் ஆள் எழும்பமாட்டார். ஆனால் அங்கே, மகன் இல்லாத வீட்டில், பேத்தியின் படம் போட்ட கோப்பையோடு உட்கார்ந்து மருமகளுக்குப் பயந்து குசுகுசுக்கிற மனிதரை வெட்டி என்ன ஆகப்போகிறது? வெட்டுகிற அளவுக்குக்கூட அவரிடம் ஒன்றும் மிச்சம் இல்லை. அந்தச் சொல்லை அவள் விழுங்கினாள். அன்பினால் என்று யாராவது சொன்னால் அவள் சிரிப்பாள்.

"நான் வர்றேன். வந்து எடுத்துத் தர்றேன்" என்றாள்.

"நீ எடுத்தா சுதர்சினி ஏதாச்சும் சொல்லுவா."

"சொல்லட்டும். அந்தப் புள்ளையும் தயிர் டப்பாவுலதான் குடிக்குது. மொதல்ல அதுக்கு எடுத்துக் குடுக்கணும்."

வீட்டை ஒரு இளம் டாக்டர் குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டாள். அரூஸ் வந்து கதிரையை எடுத்துக்கொண்டு போனார். அவளிடம் ஒரு பைதான் இருந்தது, அதுவும் நிறையவில்லை. உடுப்பும், நன்றாகத் தேய்த்துக் கழுவிய தோசைக்கல்லும். புறப்படுவதற்கு முதல் நாள் தவமணி போன் பண்ணினாள்.

"அண்ணி, நாளைக்கு வேன் எங்க ஊரு வழியாத்தானே போகும். நான் ரோட்டோரம் நிப்பேன். ஒரு சின்னப் பார்சல். சுதேஷுக்கு ஒரு சாமிப்படம், கண்ணாடி போட்டது, அப்புறம் ஒரு சுவர்க்கடிகாரம், ரெண்டு பித்தளைக் குடம்."

"பாப்போம்" என்றாள் புஷ்பராணி.

விடியலில் வேன் அம்பிட்டியவை விட்டு இறங்கியது. வாவியைச் சுற்றிப் பேராதனைப் பாலம் தாண்டியதும் அவள் முன்னால் சாய்ந்து டிரைவரின் தோளைத் தொட்டாள்.

"தம்பி, கடுகண்ணாவையில ஒரு பொம்பள கைய நீட்டிக்கிட்டு நிப்பா. நிப்பாட்ட வேணாம்."

"தெரிஞ்சவங்களா?"

"சொந்தக்காரி."

டிரைவர் சிரித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினான். புஷ்பராணி பையை மடியில் வைத்துக்கொண்டு சீட்டில் சாய்ந்தாள். மலையை விட்டு இறங்குகிறவர்கள் கடுகண்ணாவை வளைவுகளில் ஒரு தரமாவது திரும்பிப் பார்ப்பது வழக்கம். வேன் முதல் வளைவுக்கு வருவதற்கு முன்பே அவள் வாயைத் திறந்தபடி நன்றாகத் தூங்கிப்போயிருந்தாள்.